சிவப்பு உறை பிளேடு

புது பிளேடைப் பிரிக்கும்போது முதலில் எழுவது மெழுகுத்தாளின் வாசனை. எண்ணெயும் இரும்பும் கலந்து, மூக்கு நுனியில் ஒரு நொடி நின்றுவிட்டுப் போகும். சென்ற மாதம் கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் என் மகள் எனக்கு ஒரு ரேசர் வாங்கி அனுப்பியிருந்தாள். மூன்று துண்டாகக் கழற்றி மாட்டுகிற, கையில் கனக்கிற, பழைய மாதிரி எஃகு ரேசர். கூடவே ஒரு சிறிய அட்டைப்பெட்டியில் பத்து விதமான பிளேடுகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிற உறையில். இருபது வருடமாகப் பிளாஸ்டிக் ரேசரால் வழித்து வழித்து என் தாடைக்குக் கீழே எப்போதும் சிவந்து தடித்துக் கிடப்பதைப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பியிருக்கிறாள். "ஒவ்வொன்னா போட்டுப் பாருங்கப்பா. எது உங்க மூஞ்சிக்கு ஒத்துவருதோ அதையே மொத்தமா வாங்கிக்கலாம். அழுத்தாதீங்க, அதுவா போகும்" என்று போனில் பாடம் வேறு நடத்தினாள்.

பிளேடுக்கும் பிளேடுக்கும் அப்படி என்ன வித்தியாசம் இருந்துவிடப் போகிறது என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. அதை நான் பதினாறு வயதிலேயே தெரிந்துகொண்டேன். பெட்டியில் நான்காவதாக ஒரு சிவப்பு உறை இருந்தது. அதை மட்டும் எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, மற்றவற்றை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க ஆரம்பித்தேன்.

இப்போது நான் கொடைக்கானலில் இருந்தாலும், பிறந்து வளர்ந்தது மன்னவனூரையும் தாண்டி மேலே இருக்கிற ஒரு சின்ன ஊரில். பூண்டும் உருளைக்கிழங்கும் போட்டுப் பிழைத்த குடும்பம். எங்கள் வீட்டில் ஆண் பிள்ளைக்கு முகத்தில் முதன்முதலாக முளைக்கிற முடி பழனி முருகனுக்கு என்று ஒரு வழக்கம். தலைமுடியோடு அதையும் பழனியில் கொடுத்த பிறகுதான் வீட்டில் கத்தி, பிளேடு எதையும் தொடலாம். பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் காய்கறி லாரியில் ஏறிக் கொடைக்கானல் சந்தைக்குப் போய்வந்துகொண்டிருந்த எனக்கு, அந்த வழக்கம் பெரிய சித்திரவதையாக இருந்தது. தாடையில் ஆங்காங்கே சுருண்டு நின்ற முடியோடு டவுன் ஆட்களுக்கு முன்னால் நிற்கவே கூசும். இயல்பிலேயே நான் நாலு பேர் எதிரில் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவன். மப்ளரை மூக்குவரை இழுத்துச் சுற்றிக்கொண்டுதான் மூட்டை இறக்குவேன்.

என்னைப் பார்த்துச் சிரிக்க உரிமையுள்ள ஒரே ஆள் பேச்சி அத்தை. அப்பாவின் தங்கை. புருஷன் வீட்டில் பிள்ளை இல்லை என்று ஆன பிறகு, அங்கே சீராகக் கொண்டுபோன செவலைப் பசுவைக் கயிற்றைப் பிடித்து நடத்திக்கொண்டே எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டவள். "என்ன மருமகனே, சோளக்கதிர் நுனியில நாரு தொங்குற மாதிரியில்ல தொங்குது! இத வாங்கிக்கிட்டு முருகன் என்ன பண்ணுவாராம்?" என்பாள். எனக்குக் கோபம் வராது. அவள் சொன்னால் மட்டும் வராது.

செவலையின் பால்தான் அந்த வீட்டில் அத்தையின் இடம். காலையில் மூன்று படி பாலைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு கீழே டீக்கடைக்குப் போவாள், மிச்சம் வீட்டுக்கு. அம்மா அதிகம் பேசமாட்டாள் என்றாலும், அத்தை சாப்பிட உட்காரும்போது பாத்திரங்கள் கொஞ்சம் கூடுதலாகச் சத்தம் போடும். "நானும் செவலையும் ஒண்ணா வந்தோம், அது இருக்கந்தட்டியும் எனக்கும் சோறு இருக்கு" என்று அத்தை சிரித்துக்கொண்டே சொல்வாள். அது சிரிப்பில்லை என்பது எனக்குப் பின்னால்தான் உறைத்தது.

அந்த வருடம் ஐப்பசி பிறந்ததும் நான் திருட்டுச் சவரத்தில் இறங்கினேன். அத்தை பாலை எடுத்துக்கொண்டு வெள்ளனே கிளம்பிய பிறகு மாட்டுக்கொட்டகைதான் எனக்குச் சவரக்கடை. அப்பாவின் ரேசரைப் பிஸ்கட் டப்பாவிலிருந்து எடுப்பேன். அவருடைய பிளேடு பச்சை உறை, கருநீல நிறம். ஒரே பிளேடைக் கண்ணாடி டம்ளரின் உட்சுவரில் விரலால் அழுத்தித் தேய்த்துத் தேய்த்து இரண்டு மாதம் ஓட்டுவார். அதை என் கன்னத்தில் வைத்து இழுத்ததும் கண்ணில் நீர் வந்துவிட்டது. முடியை அது வெட்டவில்லை, பிடுங்கியது. அடுத்த ஞாயிறு, சந்தைக்கு எதிரே இருந்த பெட்டிக்கடையில் சில்லறையாக மஞ்சள் உறை ஒன்றும் சிவப்பு உறை ஒன்றும் வாங்கினேன். கடைக்காரர், "யாருக்கு தம்பி, அப்பாவுக்கா?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

மஞ்சள், கூர் இருந்தும் நிதானம் இல்லாதது. தாடை எலும்பில் இரண்டு இடத்தில் கிழித்துவிட்டது. பிளேடின் குற்றம் பாதி, அழுத்திப் பிடித்த என் கையின் குற்றம் பாதி என்று இப்போது தெரிகிறது. அன்று முழுப் பழியையும் மஞ்சள் மேல் போட்டு, அதை ஓடையில் விட்டெறிந்தேன். சிவப்பு வேறு ஜாதி. பளபளவென்று வெள்ளி நிறம். வெந்நீரும் குளியல் சோப்பும் தடவிய கன்னத்தில் அதை வைத்தபோது, வைத்திருக்கிறோமா இல்லையா என்றே தெரியவில்லை. நுரை மட்டும் ஒதுங்கியது, கீழே வழவழவென்று ஒரு புது முகம். அந்த முகத்தைத் தடவிக்கொண்டே கொட்டகையில் எவ்வளவு நேரம் நின்றேனோ. திரும்பி வந்த அத்தை தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு நான் அவசரமாகச் சுற்றிக்கொண்ட மப்ளரை இழுத்துப் பார்த்தாள்.

"அடப்பாவி! சாமிக்கு நேந்தத ஒங்கப்பன் ரேசர்ல வழிச்சுட்டியாடா?"

நான் குனிந்துகொண்டேன்.

"சரி சரி, மூஞ்சிய தூக்கு. தையில பழனிக்குப் போறதுக்குள்ள மறுபடி மொளச்சிரும். ஒங்கப்பன்ட்ட நா சொல்லமாட்டேன், போ."

சொல்லவும் இல்லை. அப்பாவின் பிளேடால் வழித்ததாகவே அவள் நினைத்துக்கொண்டாள், நானும் திருத்தவில்லை.

சிவப்பு பிளேடை எங்கே வைப்பது? வீட்டுக்குள் வைத்தால் கூட்டும்போது அம்மாவின் கையில் சிக்கும். மண்ணில் போட்டால் வெறுங்காலோடு நடக்கிற ஊர். எங்கள் பக்கம் கூர்மையான எதுவானாலும் புல் வேய்ந்த கூரையில் "சொருகுவது"தான் வழக்கம். ஊசி, அரிவாள், பிளேடு எல்லாம் புல்லுக்குள் போய்விடும். நானும் கொட்டகைக் கூரையின் உட்பக்கம், கை எட்டுகிற உயரத்தில், சொருகி வைத்தேன். மஞ்சளைப் போல அதையும் ஓடையில் எறிந்திருக்கலாம். நன்றாக இருந்ததால் எறிய மனசு வரவில்லை.

கார்த்திகையில் அடைமழை பிடித்தது. பத்து நாள் விடவில்லை. கீழே ரோட்டில் மண் சரிந்து லாரியும் வரவில்லை. புல் அறுக்கப் போனால் அட்டையும் வழுக்கலும். அப்படி நாட்களில் கொட்டகைக் கூரையின் உட்பக்கத்துக் காய்ந்த புல்லைப் பிடி பிடியாக உருவி மாட்டுக்குப் போடுவது எங்கள் ஊரில் எல்லோரும் செய்வதுதான். அத்தையும் உருவிப் போட்டாள். மழைக்குப் பயந்து நான் அடுப்படியை விட்டு நகரவில்லை. பிளேடு இருக்கிறது என்ற நினைப்பே எனக்கு வரவில்லை.

செவலை வாயில் ரத்த நுரை தள்ளுகிறது என்று அத்தை கத்திய கத்தலில் எல்லோரும் ஓடினோம். அப்பா கொம்பைப் பிடித்துக்கொள்ள, அத்தை முழங்கை வரை மாட்டின் வாய்க்குள் விட்டுத் துழாவி, நாக்குக்கு அடியிலிருந்து ஒரு துண்டை எடுத்தாள். அவள் விரலிலும் ரத்தம். வாளித் தண்ணீரில் அதை அலசினாள். பாதிப் பிளேடு. வெள்ளி நிறத்தில் மின்னியது.

"பிளேடு," என்றார் அப்பா. "மீதி உள்ள போயிருச்சு. யாரு இத கூரையில சொருகினது?"

அத்தை ரவிக்கை தைப்பவள். தையல் பிரிக்க அப்பாவின் பழைய பிளேடை வைத்திருப்பாள், மாட்டோடு பேசிக்கொண்டே கொட்டகையில் உட்கார்ந்து தைப்பாள், முடிந்ததும் கூரையில் சொருகுவாள். எல்லோருக்கும் தெரிந்ததுதான். அம்மா அவளைப் பார்த்தாள். அப்பாவும் பார்த்தார். அவளுடைய பிளேடு கருநீலமாயிற்றே என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. வாய் வரைக்கும் வந்தது.

"நாந்தாண்ணே," என்றாள் அத்தை. "நாந்தான் வச்சிருப்பேன். எங்கையாலேயே வச்சு எங்கையாலேயே உருவிப் போட்டுட்டேனே."

ரோடு அடைத்துக் கிடந்ததால் மாட்டு டாக்டரைக் கூட்டிவர முடியவில்லை. ஆறு நாள் செவலை நின்றது. படுக்கவில்லை, தின்னவில்லை, அத்தையும் அப்படியே. அந்த ஆறு நாளில் நான் சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு நாளும் காலையில் சொல்லிவிடுவது என்று எழுந்து, சாமிக்கு நேர்ந்ததை வழித்தது முதலில் வெளியே வருமே என்று பயந்து, சாயங்காலம் வரை தள்ளிப்போட்டேன். ஏழாம் நாள் காலையில் செவலை விழுந்துகிடந்தது. தோட்டத்து மூலையில் குழி வெட்டியவன் நான்தான். நல்ல பிள்ளை, அத்தைக்கு ஒத்தாசையாக இருக்கிறான் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

அதன் பிறகு பாத்திரச் சத்தம் பேச்சாக மாறியது. "போன எடத்துலயும் வெளங்கல, வந்த எடத்துலயும் வெளங்கவிடல," என்று அம்மா அடுப்பைப் பார்த்துச் சொல்வாள். மார்கழி முடிவதற்குள், அடுக்கம் என்ற ஊரில் காப்பித் தோட்டத்தில் வேலை இருக்கிறது என்று யாரோ சொன்னதைக் கேட்டு அத்தை ஒரு துணிமூட்டையோடு கிளம்பிவிட்டாள். லாரி ஏறும்போது என் தாடையைத் தடவி, "மொளச்சிருச்சு பாத்தியா, நா சொன்னேன்ல," என்றாள்.

தை மாதம் அப்பாவும் நானும் பழனிக்குப் போனோம். மொட்டை போட்டு முடித்து முகத்துக்கு வந்த நாவிதர், இரண்டு இழுப்பு இழுத்ததுமே கையை நிறுத்தினார்.

"என்ன தம்பி, மொத முடின்னீங்க? இது ஏற்கெனவே வழிச்ச மொகமாச்சே. முடி தடிச்சு நிக்குது."

அப்பா பின்னால்தான் நின்றிருந்தார். மலை இறங்கி, பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போதுதான் கேட்டார்.

"என் பிளேடா?"

"கடையில வாங்குனதுப்பா."

"என்ன கலரு?"

"வெள்ளி."

டீயை முழுதும் குடித்து முடித்தார். டம்ளரைப் பலகையில் வைத்தார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு, வெளியே பார்த்துக்கொண்டு, "வீட்டுல சொல்லாத. நடந்தது நடந்துபோச்சு" என்றார். அவருக்கும் அது வசதியாக இருந்தது என்று எழுத எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. சொன்னால் தங்கையைத் திருப்பி அழைக்க வேண்டும்; ஊருக்கு முன்னால் மகனின் நேர்த்திப் பிழையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டும் வேண்டாம் என்று அப்பா முடிவு செய்தார். நான் தலையாட்டினேன். தலையாட்டுவது எனக்கு எப்போதும் சுலபம்.

என் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க அடுக்கத்துக்குப் போனபோது அத்தை தோட்டக் கூலிகளுக்குக் கட்டிய லயன் வீட்டில் தனியாக இருந்தாள். காப்பி போட்டுக் கொடுத்தாள். அன்று அவசரத்தில் வழித்ததில் என் மோவாயில் ஒரு வெட்டு. அதைப் பார்த்ததும் எழுந்துபோய், மாடத்திலிருந்து ஒரு தைலச் சீசாவை எடுத்துவந்து காட்டினாள். வாய் அகலமான பழைய சீசா; உள்ளே தையல் பிரித்த பிளேடுகள், பாதியும் முழுதுமாக, துருவேறிக் கிடந்தன. மூடியை இறுக்கித் துணியும் கட்டியிருந்தாள்.

"பிளேட இந்த மாதிரி ஒண்ணுல போட்டு மூடி வையி, ராசா. எங்கிட்டாவது சொருகிப்புடாத. நா பண்ணுன மாதிரி பண்ணிப்புடாத."

நான் காப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சரி அத்தை என்றேன்.

ஒருவேளை அவளுக்குத் தெரிந்திருக்குமோ, என்னைக் காப்பாற்றத்தான் பழியை ஏற்றாளோ என்று சில சமயம் நினைப்பு ஓடும். அப்படி நினைத்தால் எனக்கு ஆறுதலாக இருக்கும். அதனாலேயே அதை நிறுத்திவிடுவேன். தன் தவறு என்றே நம்பித் துணி கட்டி மூடி வைத்தவளின் கையைப் பார்த்தவன் நான்.

இரண்டு வருடத்துக்கு முன் அத்தை இறந்தாள். தகவல் வந்து நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. பக்கத்து வீட்டுப் பெண், "எடுத்துக்கிற ஒண்ணும் இல்லீங்க" என்று சங்கடத்தோடு சொன்னாள். மாடத்தில் அந்தச் சீசா இருந்தது. எடுத்து வந்தேன்.

மேலே எங்கள் ஊரில் இப்போது புல் வேய்ந்த கூரையே கிடையாது; எல்லாம் தகரம், சிமெண்டு ஷீட்டு. கொட்டகை நின்ற இடத்தில் என் தம்பி டூரிஸ்ட்டுக்கு இரண்டு அறை கட்டியிருக்கிறான். அப்பா, அம்மா போய்விட்டார்கள். உண்மை தெரிந்தவன் நான் ஒருவன்தான் மிச்சம்.

ஒன்பது பிளேடையும் போட்டுப் பார்த்து முடித்தேன். ஒன்று இழுக்கிறது, ஒன்று இரண்டாம் நாளே மழுங்குகிறது, ஒன்று பரவாயில்லை. நேற்றுக் காலை சிவப்பைப் பிரித்தேன். உறையில் எழுத்தின் அமைப்பு மாறியிருக்கிறது. பிளேடு அதே வெள்ளி. கன்னத்தில் வைத்ததே தெரியவில்லை. மகள் போனில், "எதுப்பா நல்லாருக்கு?" என்று கேட்டாள். சிவப்புதான் என்றேன். அன்றும் அதுதான் நல்ல பிளேடு, இன்றும் அதுதான். வேறு ஏதாவது அனுப்பு, அது வேண்டாம் என்றேன். அவளுக்குப் புரியவில்லை.

பழைய பிளேடுகளை நான் தாளில் மூன்று சுற்றுச் சுற்றித் தனியாக ஒரு தகர டப்பாவில் போடுகிறேன். அத்தையின் சீசாவில் இன்னும் இடம் இருக்கிறது. ஆனால் அதில் என்னுடையதைப் போடமாட்டேன். அந்தச் சீசாவில் கிடக்கும் பிளேடுகளில் ஒன்றுகூட எந்த மாட்டையும் கொன்றதில்லை.