எந்தப் பாஷையில் நீங்கள் அண்ணன்?

நீங்கள் பொய் சொன்னீர்கள். மெஷின் பட்டனில் டியூப் கட்டச் சொன்னது நீங்கள். கட்டிவிட்டதும் நீங்கள். பிறகு அதிகாரி முன்னால் உட்கார்ந்துகொண்டு, எனக்கு எதுவுமே தெரியாது என்று சாதித்ததும் நீங்கள்தான்.

மரியாதையாகத்தான் எழுதுகிறேன். ஆனால் 'அண்ணா' என்று எழுதக் கை வரவில்லை.

படிக்கிற மற்றவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் நான் பிரஸ் மெஷின் ஓட்டுகிறேன். இரும்புத் தகட்டை உள்ளே வைத்தால் மேலிருந்து இறங்கி அடித்து, கார் கம்பெனிகளுக்கு வேண்டிய பட்டைகளாக வளைத்துக் கொடுக்கும் மெஷின். எங்கள் ஷெட்டில் மெஷின் ஓட்டுவது முழுக்கப் பெண்கள். எல்லோரும் கான்ட்ராக்ட். நான் யாருக்கு எழுதுகிறேனோ அவர் எங்கள் சூப்பர்வைசர்.

என் அம்மா பொன்னேரிப் பக்கம் நடவுக்கும் அறுப்புக்கும் போனவள். நிலத்துக்காரர் வீட்டு ஆம்பிளைகளை 'ஆண்டே' என்றுதான் அவள் கூப்பிட வேண்டும். மீசை முளைக்காதவனாக இருந்தாலும் ஆண்டேதான். ஒருமுறை வாய் தவறி ஒரு பையனை 'தம்பி' என்று சொல்லிவிட்டாள். மறுநாள் வேலை இல்லை என்று வரப்பிலேயே திருப்பி அனுப்பினார்கள். எங்களுக்கு முறை சொல்லிக் கூப்பிடும் உரிமை எங்கள் தெருவோடு முடிந்தது.

அதனால்தான் கம்பெனியில் முதல் நாள் நீங்கள் சொன்னது எனக்கு அவ்வளவு பெரிதாகத் தெரிந்தது. நான் 'சார்' என்றேன். "சாரும் வேணாம், மோரும் வேணாம். அண்ணான்னு கூப்புடுமா. நானும் இந்தப் பக்கத்து ஆளுதான்" என்றீர்கள். நீங்கள் நிலம் வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளை என்பது எனக்கு அப்போதே தெரியும். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னேன்.

"அவங்க ஊட்டு ஆளையா? அண்ணான்னா?"

"ஆமா."

"மூஞ்சிக்கு நேராவா?"

"மூஞ்சிக்கு நேராத்தான்."

அம்மா நம்பவில்லை. இன்னொரு தடவை கேட்டாள். 

எங்கள் ஷெட்டில் எத்தனை பாஷை இருக்கிறதோ அத்தனை பாஷையிலும் நீங்கள் அண்ணன். சூளூர்பேட்டைப் பக்கத்திலிருந்து வருகிற தெலுங்குப் பெண்களுக்கு 'அன்னா'. "எங்க ஊர்ல கட்சித் தலைவரும் அன்னாதான், பஸ் கண்டக்டரும் அன்னாதான், ஒதைக்க வர்றவனும் அன்னாதான்" என்று அவர்களில் ஒருத்தி சொல்வாள். லோடு ஏற்றுகிற பீகார் ஆட்களுக்கு 'பையா'. அது மூத்த அண்ணனையும் குறிக்கும், ஆட்டோக்காரரையும் குறிக்கும். பம்பாயில் வேலை செய்தபோது அதே சொல்லைத் தங்கள் மேல் வசவாக வீசினார்கள் என்று ஒருவர் சொன்னார். எங்கள் சர்ச்சில் 'பிரதர்' என்றால் பிரசங்கம் பண்ணுகிறவர். எல்லோரையும் சகோதரி என்பார். பெண் கேட்டுப் போனால் மட்டும் எந்தத் தெரு என்று விசாரிப்பார். தமிழ்ப் பெண்கள் நாங்கள் முன்பின் தெரியாத ஆளையும் அண்ணா என்று கூப்பிடுவது பாசத்தால் இல்லை. அது வேலி. இதற்கு மேல் கிட்டே வராதே என்று அர்த்தம்.

ஒடிசாவிலிருந்து வந்த பெண் எனக்கு அடுத்த மெஷின். கல்யாணம் ஆகாதவள். என் வீட்டுக்குப் பின்பக்கம் வாடகை அறையில் இருக்கிறாள். அவளிடம் பேசிப் பேசித்தான் நான் அரைகுறையாக இந்தி கற்றுக்கொண்டேன். என்னை 'தீதி' என்பாள், அக்கா என்று அர்த்தம். வந்த முதல் நாளே தகடு சிக்கிக்கொண்டது. உங்களைப் பார்த்து "பாய்! பாய்!" என்று கத்தினாள்.

தெலுங்குக்காரி மெஷினை நிறுத்திவிட்டுத் திரும்பினாள். "யாருடி பாயி? நெத்தி நெறைய விபூதி இட்டுகினு நிக்கிறாரே, அவரா பாயி?"

"மத்தியானம் பிரியாணி கேக்குறா போல" என்றேன் நான்.

"நாளைக்குத் தொப்பி போட்டுகினு வந்துட்றேன், போதுமா?" என்று நீங்களும் சிரித்தீர்கள்.

அவள் பாஷையில் பாய் என்றால் அண்ணன்தான்; அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கள் ஊரில் முஸ்லிம்களைத்தான் பாய் என்போம் என்று பிறகு நான் விளக்கினேன். "அப்போ அவங்க ஒருத்தரை ஒருத்தர் எப்படிக் கூப்பிடுவாங்க?" என்றாள். "அதுவும் பாய்தான்" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள். ஆனாலும் உங்களை அப்படியேதான் கூப்பிட்டாள். நாங்களும் பழகிவிட்டோம்.

சொல் எங்கே போனாலும் ஒன்றுபோலத்தான் தெரிகிறது. அந்தச் சொல்லோடு வருகிற கடமைதான் ஊருக்கு ஊர் வேறு. எனக்கு அது ஒரு ஆவணிப் பௌர்ணமி அன்று தெரிந்தது. அவள் கும்மிடிப்பூண்டி பஜாரில் ஜிகினா ஒட்டிய சிவப்பு ராக்கிக் கயிறு ஒன்று வாங்கி வந்தாள். சாப்பாட்டு நேரத்தில் கவிழ்த்துவைத்த டப்பா மேல் உங்களை உட்காரவைத்து, பொட்டிட்டு, மணிக்கட்டில் கயிறு கட்டி, வாயில் பேடா ஊட்டினாள். "அண்ணிக்குத் தெரியுமாண்ணா?" என்று பெண்கள் ஓட்டினார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. அன்று வேலை முடிந்து நடக்கும்போது என்னிடம் சொன்னாள்: "விளையாட்டு இல்ல தீதி. இதைக் கட்டிக்கிட்டவர் எனக்காகக் கடைசி வரை நிக்கணும்."

நீங்கள் எனக்கும் நின்றீர்கள். அதை மறைக்க மாட்டேன். என் மகள் வயதுக்கு வந்தபோது தாய்மாமன் தட்டு வைக்க எனக்குக் கூடப்பிறந்தவன் கிடையாது. நான் கேட்கவில்லை. நீங்களாகவே மனைவியோடு வந்தீர்கள். எங்கள் தெருவில் எல்லோரும் பார்க்கச் சீர்த்தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு நடந்து வந்தீர்கள். என் மகளுக்கு மாலை போட்டீர்கள். எங்கள் வீட்டுத் தண்ணீரை வாங்கிக் குடித்தீர்கள். உங்களைப் பார்த்ததும் என் அம்மா பழக்கதோஷத்தில் எழுந்து சுவரோரம் ஒதுங்கினாள். "உக்காருமா, நம்ம ஊடுதானே" என்றீர்கள். அம்மா உட்கார்ந்தாள். அது நடிப்பா நிஜமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. நடிப்பு என்று தெரிந்துவிட்டால் துப்பிவிட்டுப் போய்விடுவேன். தெரியாததுதான் அரிக்கிறது.

இப்போது டியூப் விஷயம். எங்கள் பிரஸ்ஸில் இரண்டு பச்சை பட்டன் உண்டு. இடதுபக்கம் ஒன்று, வலதுபக்கம் ஒன்று. இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மெஷின் இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் எந்தக் கையும் உள்ளே இருக்காது. அதற்காகத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள். ஆனால் ஒரு பட்டனை அழுத்தியபடியே கட்டிவிட்டால், ஒரு கையால் அழுத்திக்கொண்டு மறு கையால் தகடு தள்ளலாம். வேலை ஓடும். புது மெஷின்களில் இந்த வித்தை நடக்காதாம். எங்களுடையது பழசு.

ஆர்டர் ஏறியபோது நீங்கள் சைக்கிள் டியூபைத் துண்டு துண்டாக வெட்டிச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு வந்தீர்கள். "இந்த ஒரு மாசம் அண்ணனுக்காகப் பாத்துக்கங்கமா. மேல இருக்கறவன் என் கழுத்து மேல உக்காந்துகினு இருக்கான்" என்றீர்கள்.

மேனேஜர் வந்து கட்டச் சொல்லியிருந்தால் நாங்கள் கட்டியிருக்க மாட்டோம். பாத்ரூம் போக விடவில்லை என்று ஒருமுறை மொத்த ஷெட்டையும் நிறுத்தியவர்கள்தான் நாங்கள். சாரிடம் முடியாது என்று சொல்ல எங்களுக்கு வாய் இருக்கிறது. அண்ணனிடம் முடியாது என்று எப்படிச் சொல்வது? அதைத் தெரிந்துதான் நீங்கள் எங்களை அண்ணா என்று கூப்பிட வைத்தீர்களா? ஒடிசாக்காரி மெஷினில் நீங்களே கட்டினீர்கள். "பாய் கட்டினா சரிதான்" என்று அவள் வேலையைத் தொடங்கினாள்.

ஒரு நாள் காலை, டீ வருவதற்குக் கொஞ்சம் முன்னால், பக்கத்து மெஷினின் சத்தம் மாறியது. தகட்டில் அடிக்கிற சத்தம் எங்களுக்கு மனப்பாடம். அது வேறு. திரும்பினேன். இடது கையில் இரண்டு விரல் போயிருந்தது. அவள் அம்மா என்று கத்தவில்லை. உங்களைத்தான் கூப்பிட்டாள்.

ஓடிவந்தீர்கள். நாங்கள் என் துப்பட்டாவைச் சுற்றி அவளை வேன்வரை தூக்கிக்கொண்டு போனோம். அவளுடைய போனை எடுக்க நான் மட்டும் உள்ளே திரும்பி வந்தேன். நீங்கள் அவள் மெஷின் பக்கத்தில் கத்தியோடு குனிந்திருந்தீர்கள். பட்டனிலிருந்த டியூபை அறுத்துப் பேன்ட் பாக்கெட்டில் போட்டீர்கள். பிறகு அடுத்த மெஷின். பிறகு என் மெஷின். தலை தூக்கி என்னைப் பார்த்தீர்கள்.

"தண்ணி குடிச்சியாமா?" என்று கேட்டீர்கள்.

சில நாள் கழித்துத் திருவள்ளூரிலிருந்து தொழிற்சாலை ஆய்வு அதிகாரி வந்தார். மீட்டிங் ரூமில் ஏசி போட்டு விசாரணை. கையில் பெரிய கட்டோடு அவள். அவளுக்குத் தமிழ் வராது, அதிகாரிக்கு இந்தி வராது. நடுவில் நான். அவள் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் சொன்னேன்: டியூப் கொண்டு வந்தது சூப்பர்வைசர், கட்டியதும் சூப்பர்வைசர்.

நீங்கள் என் பக்கம் திரும்பவே இல்லை. "நான் எதுக்கு சார் கட்டச் சொல்லப் போறேன்? சீக்கிரம் முடியணும்னு அவங்களே எதையாச்சும் வெச்சி ஓட்டுவாங்க. லேபருங்க சார். எவ்ளோ சொன்னாலும் கேக்காதுங்க."

கேக்காதுங்க. மாட்டைச் சொல்வதுபோல.

"பாய் என்ன சொல்றார்?" என்று அவள் என்னைக் கேட்டாள். லேபர் என்பதை மட்டும் நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அது அவளுக்கே புரிந்தது. மீதியைச் சொன்னேன். நீயே கட்டிக்கொண்டாய் என்கிறார் என்றேன்.

அவள் என்னை முறைத்தாள். "நீ தப்பாச் சொல்ற தீதி. பாய் அப்படிச் சொல்ல மாட்டார். திரும்பக் கேளு."

திரும்பக் கேட்டேன். நீங்களும் அதையே திரும்பச் சொன்னீர்கள். நான் அதையே அவளிடம் திரும்பச் சொன்னேன். அப்போதும் அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், நான்தான் ஏதோ கெடுத்துவிட்டேன் என்பதுபோல.

மற்றப் பெண்களைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். வெளியே வந்து தெலுங்குக்காரியைப் பிடித்தேன். "நீயும்தானே பாத்த? உன் மெஷின்லயும்தானே அறுத்தாரு?"

"அன்னாவப் போயி எப்புடிடி காட்டிக் குடுக்கறது? உன் பொண்ணுக்குத் தட்டு வெச்சவரு. உனக்கு எப்புடி வாய் வந்துது?"

"வந்துது" என்றேன்.

அடுத்த வாரம் ஒடிசாக்காரியுடைய சொந்த அண்ணன் ரயிலேறி வந்தார். கையில் ஒரு அட்டைப்பெட்டி, நிறைய அவர்கள் ஊர் இனிப்பு. தங்கைக்கு என்று நினைத்தேன். இல்லை. இங்கே ஒரு அண்ணன் இருக்கிறார், கயிறு கட்டியிருக்கிறேன் என்று அவள் போனில் சொல்லிச் சொல்லி, வீட்டில் எல்லோருக்கும் உங்களைத் தெரியும். விசாரணையில் நடந்ததை அவள் வீட்டில் சொல்லவே இல்லை. அவரைப் பார்க்கணும், இதை அம்மா கொடுத்துவிட்டிருக்கிறார்கள் என்றார் வந்தவர். கேட்டுக்கு வெளியே நின்று உங்களுக்குப் போன் போட்டேன்.

"நான் இல்லன்னு சொல்லிடு. எனக்கும் அவங்களுக்கும் இன்னா சம்பந்தம்?"

அவர் பக்கத்திலேயே நின்றார். என்ன சொன்னார் என்று கேட்டார். லீவு என்றேன். இத்தனை நாளில் நான் மாற்றிச் சொன்னது அது ஒன்றுதான். பெட்டியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போனோம். வாட்ச்மேன்கள் தின்றார்கள். நல்லா இருந்ததாம்.

விசாரணை இன்னும் முடியவில்லை. அதிகாரி மறுபடி வருகிறார். அவளே வேண்டுமென்று பட்டனைக் கட்டிக்கொண்டாள் என்று எழுதி முடித்துவிட்டால் வைத்தியச் செலவும் நஷ்டஈடும் கிடையாது என்கிறார்கள். சொன்னால் கேட்காத ஆள் என்ற பேர்தான் மிஞ்சும். அந்தப் பேரோடு போனால் இந்தப் பேட்டையில் எந்தக் கேட்டும் அவளுக்குத் திறக்காது. இப்போது அவள் பின்னறையில் உட்கார்ந்து ஒற்றைக் கையால் சடை போடப் பழகிக்கொண்டிருக்கிறாள். என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

இந்த நிலையில் நேற்று உங்கள் மனைவியிடம் சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். "தங்கச்சி, இந்தி சரியாத் தெரியாம தப்பாச் சொல்லிட்டேன்னு சொல்லிடு. ஒரு வார்த்தைதானே." உங்கள் மனைவி என் மகளுக்குப் பூ வாங்கி வந்திருந்தார். அம்மா சுவரோரமாக நின்றுகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

நான் தப்பாகச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த இந்தி கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தில் பொய் இல்லை. என் வீட்டுக்கு ஆள் அனுப்பாதீர்கள். தங்கச்சி என்று சொல்லி அனுப்பாதீர்கள்.

தினமும் ஷிப்ட் தொடங்கும் முன் எல்லோரும் வரிசையில் நிற்கிறோம். நீங்கள் பாதுகாப்பு உறுதிமொழியைச் சத்தமாகப் படிக்கிறீர்கள், நாங்கள் பின்னால் சொல்கிறோம். அதிகாரி வருகிற அன்று அவரும் அங்கே நிற்பார், மேனேஜரும் நிற்பார். அவளையும் கூட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் நிறுத்துவேன். உறுதிமொழியைப் படிப்பதற்கு முன்னால் நீங்கள் பதில் சொல்ல வேண்டும். டியூபை வெட்டிக் கொண்டுவந்தது யார்? கட்டியது யார்? அவள் ரத்தம் துடைக்கும் முன்னால் அறுத்துப் பாக்கெட்டில் போட்டது யார்? தமிழில் சொன்னால் போதும். மற்ற பாஷைக்காரர்களுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.