அப்பா பேரோடு ஐந்து பேர்

கலவரம் நடந்த மறுநாள் செய்தி எழுதுவது சுலபம். ஆறு மாதம் கழித்து, உண்மையில் என்ன நடந்தது என்று கேட்டுக்கொண்டு போவதுதான் பெரும்பாடு என்பது என்னைப் போல் அலைந்த நிருபர்களுக்குத் தெரியும்.

ஸ்டூல்

இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த வாரம், உளுந்தூர்பேட்டைப் பக்கம் சாலையோரப் புளியமரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். அதே வாரம் அருகே ஓர் ஊரில் ஒரு வரிசைக் குடிசைகள் எரிந்தன. அன்று செய்தி கொடுத்தவன் நான். வழக்கு கோர்ட்டுக்கு வரும் நேரத்தில், முழுக் கதையையும் எழுதச் சொல்லி ஆசிரியர் அனுப்பினார். டீக்கடை வாசலில், வெட்டி மிஞ்சிய அடிமரத்தின் மேல் உட்கார்ந்து, மரம் வெட்டியது யார் என்று கேட்டேன். கடைக்காரர் கிளாஸைக் கழுவியபடி சொன்னார்:

“மரமா? இங்க மரமே இருந்ததில்லீங்க. நீங்க குந்திகினு கீறது ஸ்டூலு.”

மடித்த காகிதம்

எரிந்த குடிசைகளில் ஒன்று முனுசாமியுடையது. பக்கத்துக் குடிசைப் பிள்ளைகள் இருவரை நெருப்பிலிருந்து தூக்கி வந்தவர். ஆள் இல்லை. மனைவி அஞ்சலை, புதிதாக வேய்ந்த கூரையில் செருகியிருந்த காகிதத்தை நீட்டினார். என் செய்தி. ‘நேரில் பார்த்த ஐவர்’ என்று பெயர், அப்பா பெயர், ஊர் எல்லாம் போட்டிருந்தேன். அப்படிப் போட்டால்தான் எங்கள் ஆசிரியர் நம்புவார். எழுதியது நான் என்று சொல்ல வாய் வரவில்லை.

“பேப்பர்ல பேரு வந்துச்சின்னு ஊரெல்லாம் காட்டினேங்க. மறாநாளே போலீஸ் வந்துட்டாங்க. அன்னிக்கு மலையேறுனவரு, இன்னும் வூடு திரும்பல.”

பட்டியல்

சாட்சிக்காரர் ஏன் ஓட வேண்டும்? ஸ்டேஷனுக்குப் போய், தெரிந்த ரைட்டரிடம் குற்றம் சாட்டப்பட்டவர்கள் பட்டியலைக் கேட்டு வாங்கினேன். தீ வைத்ததாக ஐந்து பேர். என்னுடைய அதே ஐந்து பேர், அதே வரிசையில். முனுசாமியின் அப்பா கோவிந்தனை அவசரத்தில் ‘கோபாலன்’ என்று எழுதியிருந்தேன். அந்தக் கோபாலனும் அங்கே இருந்தார். ரைட்டர் டீ சொன்னார்.

“மேல இருந்து அர்ஜென்ட்டா பேரு கேட்டாங்க சார். உங்க பேப்பர்ல அப்பா பேரோட ரெடியா இருந்துச்சி. பாத்தவன் யாரு, வெச்சவன் யாருன்னு எங்களுக்கு இன்னா தெரியும்?”

சாமைக் கொல்லை

அஞ்சலையிடம் இடம் கேட்டுக்கொண்டு, ஜீப் பிடித்து மலைமேல் வெள்ளிமலைக்குப் போனேன். முனுசாமி களை பறித்துக்கொண்டிருந்தார். எழுதியது நான்தான் என்றேன். நீங்கள் சாட்சிதான் என்று கோர்ட்டில் சொல்கிறேன், கீழே வாருங்கள் என்றேன். மனு எழுத விவரம் வேண்டுமே என்று நோட்டைத் திறந்தேன். பேனாவைப் பார்த்ததும் எழுந்து கைகட்டி நின்றார்.

“எய்திக்குங்க சார். முனுசாமி, அப்பா பேரு கோபாலன். எங்கப்பா கோவிந்தன்தான், ஆனா கேஸுல கோபாலன்னுதான் கீது. மாத்திச் சொன்னா அதுக்கு வேற ஒரு கேஸு போடுவாங்க.”

கலவரத்தை ஆராயக் கிளம்புகிறவர்களே, முதலில் உங்கள் பழைய செய்தியை எடுத்துப் படித்துவிட்டு பஸ் ஏறுங்கள்.