வலி மூளையில் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்

நான் மண்டபம் என்ற கடலோர ஊரில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். கடல்பாசி எடுக்கும் மாரியம்மாள் அக்கா, படகில் வழுக்கி விழுந்ததிலிருந்து இரண்டு வருடமாக இடுப்பு வலி என்று என்னிடம் வந்தார். ஸ்கேனில் எல்லாம் சரியாகவே இருந்தது. நல்ல செய்தி சொல்வதாக நினைத்து, "இடுப்புல ஒண்ணுமில்லக்கா. வலி மூளையிலதான் இருக்கு" என்றேன். அவர் முகம் இறுகிவிட்டது. மறுவாரம் வரவில்லை.

அக்கம்பக்கத்தில் விசாரித்தபோது, அவர் படுக்கையை விட்டு எழுவதே இல்லை என்றார்கள். பதறிப்போய் வீட்டுக்கே போனேன்.

"எனக்குக் கிறுக்குன்னு சொல்லிட்டீக. வீட்டுலயும் நடிக்கிறேங்கிறாக. பெறகு எதுக்கு இங்கன வந்தீக?" என்று அழுதார்.

மன்னிப்புக் கேட்டேன். அவர் பாதத்தில் பாறை கிழித்த பழைய தழும்பு கண்ணில் பட்டது.

"இந்தப் புண்ணு ஆறினதும் வலி நின்னுருச்சாக்கா?"

"எங்க! ஆறி ரெண்டு மாசம் கழிச்சும் லேசாப் பட்டாலே சுரீர்னுச்சு. கொஞ்சங் கொஞ்சமா ஊனி நடந்துதான் காலைப் பழக்குனேன்."

"நரம்பு பயந்துபோயி, சின்னதுக்கும் பெருசா சேதி அனுப்பும். மூளை அதை வலியாக்கிரும். இடுப்புலயும் அதான். உங்க வலி நெசம்க்கா. ஆனா அடி ஆறிருச்சு. அசைஞ்சா ஒண்ணும் ஆகாது."

யோசித்துவிட்டு அவரே கேட்டார்: "அப்ப காலைப் பழக்குன மாதிரி இதையும் பழக்கலாமா?"

அன்றே வாசல்வரை நடந்தார். நான்கு மாதம் ஆகிறது. வலி முழுதாகப் போகவில்லை. ஆனாலும் போன வாரம் ஒரு மணி நேரம் கடலில் இறங்கிப் பாசி எடுத்திருக்கிறார்.

இப்போது யார் வந்தாலும், அவர்கள் வலியை நம்புகிறேன் என்று முதலில் சொல்கிறேன். ஸ்கேனைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான்.