பெட்டகத்தைத் திறந்தது யார்?

யுகேந்திரனுக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. பிரிக்பீல்ட்ஸில் அவர் குடியிருக்கும் ஃபிளாட்டுக்கு மூன்று பூட்டு. லிஃப்ட்டில் யாராவது பின்னால் நின்றால் திரும்பித் திரும்பிப் பார்ப்பார். பெட்டாலிங் ஜெயா அலுவலகத்தில் எட்டு வருடமாக அவருக்கு எதிர் மேசைக்காரி நான். என்னையே மனுஷன் இன்னும் முழுசாக நம்பவில்லை.

ஆளுக்கு ஏற்ற வேலைதான் அமைந்திருந்தது. கிளினிக்குகளுக்கு முன்பதிவு செய்யும் மென்பொருள் எங்களுடையது. அது கன்டெய்னர்களில் ஓடுகிறது. கிள்ளான் துறைமுகத்தில் அடுக்கி வைத்திருக்கும் இரும்புப் பெட்டி அல்ல; ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாக அடைத்த சின்னச் சின்ன புரோகிராம்கள். அந்தக் கூட்டத்துக்குப் பெயர் கிளஸ்டர். நோயாளிகளின் விவரங்களைத் திறக்க அவற்றுக்கு ஒரு பாஸ்வேர்டு வேண்டும். அதைப் புரோகிராமிலேயே எழுதி வைத்தால் பார்க்கிறவனெல்லாம் எடுத்துக்கொள்வான். அதனால் கிளவுடில் ஒரு பெட்டகம் வைத்துப் பூட்டியிருந்தோம். கன்டெய்னர் கிளம்பும்போது அங்கே போய் பாஸ்வேர்டை வாங்கிக்கொள்ளும். யார் வந்து வாங்கினாலும் பெட்டகம் பதிவு செய்துவிடும். யுகேந்திரன் வாரா வாரம் பத்திரிகை படிக்கிற மாதிரி அந்தப் பதிவைப் படிப்பார்.

போன வருடம் ஹுமைரா ஒப்பந்த வேலையில் சேர்ந்தாள். கிள்ளான் பெண், அப்பாவுக்குத் துணிக்கடை. நன்றாக உழைத்தால் மூன்று மாதத்தில் நிரந்தரம் என்று பேச்சு. முதல் நாளே அவள் யுகேந்திரனிடம், "அண்ணே, பாஸ்வேர்டெல்லாம் எங்க வச்சிருக்கீங்க? நான் பார்க்கலாமா?" என்று கேட்டுவிட்டாள்.

போச்சு. அன்று சாயங்காலமே யுகேந்திரன் பாஸ்வேர்டை மாற்றினார். கிளஸ்டரிலும் ஏதேதோ பாதுகாப்பு வசதிகளை முடுக்கிவிட்டார். "புது ஆள் வந்திருக்கு. எதுக்கும் இருக்கட்டும் லா," என்றார்.

கொஞ்ச நாள் கழித்து என்னைக் கூப்பிட்டார். "மாதவி, இங்க வா. சத்தம் போடாம வா."

பெட்டகத்தின் பதிவுப்படி, இரண்டு நிமிடத்துக்கு ஒரு தரம் யாரோ பாஸ்வேர்டை எடுத்திருந்தார்கள். இரவு பகல் பார்க்காமல், ஞாயிற்றுக்கிழமைகூட விடாமல். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எங்கள் முன்பதிவு ஆப்பின் அடையாளம்தான் இருந்தது.

"எப்ப ஆரம்பிச்சிருக்குன்னு பாரு. அவ சேர்ந்த அன்னைக்கு!"

"ஆப்தானே எடுத்திருக்கு?"

"ஆப்புக்குள்ள குட்டி புரோகிராம், ஸ்கிரிப்ட் எதையோ ஒளிச்சு வச்சிருக்கா. அது எடுத்துக் குடுக்குது."

எனக்கு எரிச்சல் வந்தது. ஆனால் தேதி பொருந்தியதே! அதற்கப்புறம் அவள் மாடிப்படியில் நின்று போன் பேசினாலும் என் காது அங்கேதான் போனது. "இப்ப வேணாம், யார்கிட்டயும் சொல்லாதீங்க," என்று அவள் யாரிடமோ சொன்னது எனக்கே தப்பாகப் பட்டது. யுகேந்திரனைக் கேட்கவே வேண்டாம்.

வெள்ளிக்கிழமை அவர் எங்கள் மேலதிகாரி பரமேஸ்வரனிடம் போய்ச் சொல்லிவிட்டார். ஹுமைராவைக் கூப்பிட்டு, விசாரணை முடியும்வரை வர வேண்டாம் என்றார்கள். லேப்டாப்பை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். என்ன தப்பு என்றுகூட யாரும் அவளிடம் சொல்லவில்லை.

திங்கட்கிழமை அவள் இல்லை. கணினிக்குள் நுழைய அவளுக்கிருந்த அனுமதிகளும் இல்லை. ஆனாலும் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தரம் பெட்டகம் திறந்துகொண்டே இருந்தது.

யுகேந்திரன் கன்டெய்னர்களையெல்லாம் அழித்துப் புதிதாக எழுப்பினார். ஸ்கிரிப்ட் எதுவும் இல்லை. பதிவு நிற்கவும் இல்லை. மதியச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்காமல் தேடியவர், திடீரென்று கையைக் கீபோர்டிலிருந்து எடுத்துவிட்டார்.

"என்ன?" என்றேன்.

"நான்தான்."

அவள் வந்த அன்று அவர் முடுக்கிவிட்ட வசதிகளில் ஒன்று அது. பாஸ்வேர்டு மாறினால் கிளஸ்டருக்கு உடனே தெரிய வேண்டும் அல்லவா? அதற்காக அது இரண்டு நிமிடத்துக்கு ஒரு தரம் ஆப்பின் அடையாளத்திலேயே பெட்டகத்துக்குப் போய், மாறிவிட்டதா என்று பார்த்துவிட்டு வருமாம். வைத்ததை இருக்கிறதா இருக்கிறதா என்று போய்ப் போய்ப் பார்க்கிற புத்தி, அச்சு அசல் இவர் புத்தி. யாரும் எதையும் திருடவில்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பரமேஸ்வரனிடம் சொல்ல வைத்தேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு, அவளை நாளைக்கே வரச் சொல்லுங்கள் என்றார்.

"போன் பண்ணிச் சொன்னா போதாதா?" என்றார் யுகேந்திரன்.

"போதாது. காரை எடுங்க."

ஃபெடரல் ஹைவே நெரிசலில் ஊர்ந்து கிள்ளான் போய்ச் சேர்ந்தோம். கடையில் ஹுமைரா துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா முத்து பீவி, "ஆபீஸ்லேருந்தா வரீங்க? இவ லீவுன்னு சொன்னாளே, உக்காருங்க. வேலை நிரந்தரமாகுறவரைக்கும் சொந்தக்காரங்க யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு போன்லயே சொல்லிக்கிட்டிருந்தா," என்று நாற்காலி போட்டு, எங்கள் முன்னால் தேநீரும் கொண்டுவந்து வைத்தார்.

யுகேந்திரன் நடந்ததைச் சொன்னார். நாளைக்கே வேலைக்கு வரலாம், நிரந்தரமும் ஆகிவிடும் என்றார். பாவம், வேர்த்துக் கொட்டியது.

ஹுமைரா துணியைக் கீழே வைத்தாள். "அண்ணே, அந்தப் பதிவுல என் பேரு இருந்துச்சா?"

"இல்ல."

"அதை ஆன் பண்ணது?"

"நான்தான்."

"ஏன் ஆன் பண்ணீங்க?"

யுகேந்திரன் என்னைப் பார்த்தார்.

"நீ வந்தேன்னு," என்றார்.

"நான் வேற இடம் பார்த்துக்கிறேன்," என்றாள் ஹுமைரா.

முத்து பீவி என் கோப்பையை விட்டுவிட்டு, யுகேந்திரன் இன்னும் குடிக்காத கோப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.