அவரைப் பந்தலில் கறுப்புப் புழு

டவுனை விட்டு ஆயர் ஈத்தாம் என்ற ஊருக்குத் தனிக்குடித்தனம் வந்த வருஷம் கொல்லையில் அவரைப் பந்தல் போட்டேன். பொங்கல் குழம்பில் என் வீட்டு அவரைக்காய்தான் கிடக்க வேண்டும் என்று எனக்கு ஒரே பிடிவாதம். காரணம் என் கணவரின் அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுபவர். நான் நட்டது எதுவும் தழைக்காது, எனக்குக் கைராசி இல்லை என்று டவுன் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

மார்கழியில் பூ விட்டது. கூடவே செடியின் சாற்றைக் குடிக்கும் அசுவினிப் பேனும் வந்து, கொழுந்தெல்லாம் எள்ளை அப்பியது போல் கறுத்துவிட்டது. இதற்கு எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த வைத்தியம், பனி காயும் முன் அடுப்புச் சாம்பலைத் தூவுவது. நானும் சட்டியோடு போனேன். அங்கே அரிசி நீளத்தில் ஒரு கறுப்புப் புழு, மேலே மஞ்சள் திட்டு, ஆறு கால். ஒரு பேனைக் கவ்விப் பிடித்து உறிஞ்சிக்கொண்டிருந்தது. வெறும் தோலைப் போட்டுவிட்டு அடுத்ததிடம் போனது. அடுப்பில் சோறு குழைந்ததுகூடத் தெரியாமல் நின்று பார்த்தேன். சாம்பல் தூவவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை அண்ணி டிராமை விட்டு இறங்கி நேரே பந்தலுக்குத்தான் வந்தார்.

"பூவெல்லாம் இந்தப் புழுதான் திங்குது. சாம்பலக் கொட்டு. இல்லன்னா கொடிய அறுத்துக் கொளுத்து."

"அது பேனத்தான் திங்குது அண்ணி. விடுங்க."

"நல்லாருக்கு கதை. பொங்கலுக்கு நீ பாசார்லதான் அவரக்கா வாங்கப் போற, பாரு."

சாம்பல் சட்டியை அவரே எடுத்தார். நான் பிடுங்கிக்கொண்டேன். வீறாப்பாகத்தான் நின்றேன். ஆனால் காய்க்காமல் போனால் அந்தக் குடும்பத்தில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது.

தினமும் போய்ப் பார்த்தேன். இன்னும் பல புழுக்கள் தென்பட்டன; பேன் குறைந்து கொழுந்து பச்சையானது. பிறகு புழுக்கள் இலையோடு ஒட்டி, மேல்தோல் கூடு போல் இறுகி அசையாமல் கிடந்தன. செத்தே போயின என்று பதறினேன். ஒரு காலையில் அந்தக் கூட்டைப் பிளந்துகொண்டு பொறிவண்டு வெளியே வந்தது, சிவக்கச் சிவக்க. தனியாக நின்று சிரித்தேன்.

பொங்கலன்று பந்தலில் காய் கொத்துக் கொத்தாகத் தொங்கியது. அண்ணி குழம்பை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். புறப்படும்போதுதான் மெல்ல ஆரம்பித்தார்.

"என் வீட்டு அவரையிலயும் பேன் புடிச்சிருக்கு. அந்தக் கறுப்புப் புழு இருந்தா கொஞ்சம் புடிச்சுக் குடேன்."

கடைசிக் கொழுந்தில் இன்னும் வண்டாகாமல் இருந்த புழுக்களைப் பிடித்து, காலிப் பால் டின்னில் இலையோடு போட்டுக் கொடுத்தேன். டிராமில் அதை மடியில் வைத்து, வெயில் படாமல் முந்தானையால் மூடிக்கொண்டு போனார்.