அம்மா மேல் என் சட்டை

திருவிடைமருதூரில் எங்கள் தெருவுக்குக் குடிவந்திருந்த ஓவியரை எனக்குப் பிடிக்காது. ஒல்லியான ஆள். வாசலில் நின்று பேசும்போதே கண் அடுப்படிக்குள் போய்விடும். கேட்டால், வீட்டு வேலைகளைத்தான் வரைகிறாராம்.

ஒருநாள் கூப்பிட்டு, வரைந்த படத்தைக் காட்டினார். நடவிலிருந்து வந்த கையோடு அம்மா அரிவாள்மணையில் வாழைக்காய் நறுக்குகிறாள். சேலைக்கு மேல், வயல் வேலைக்குப் போட்டுக்கொள்ளும் சட்டை. எங்கள் வீட்டிலேயே முதலில் படித்த நான் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுப்போனது. சட்டைப் பையில் மைக்கறைகூட இருந்தது.

"இது போற தஞ்சாவூர் கண்காட்சிக்கு எங்க காலேஜ்ல எல்லாரும் வருவாங்க சார். சட்டைய எடுத்துடுங்க. அம்மாகிட்ட பட்டுப்புடவ இருக்கு."

"சட்டைய எடுத்தா அது உங்கம்மா இல்ல தம்பி."

"எங்கம்மா யாருன்னு நீங்க சொல்லாதீங்க!"

அவர் சண்டைக்கு வரவில்லை. "அப்ப நீங்களே அழிச்சிடுங்க" என்று பழுப்புச் சாயம் தோய்ந்த தூரிகையை நீட்டினார்.

வாங்கி அழித்தேன். பையும் மைக்கறையும் போய், அம்மாவின் நெஞ்சில் ஒரு திட்டு நின்றது. அவர் தூரிகையை வாங்கி, தன் வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

நான் கேட்டதைத்தான் அவர் செய்யவிட்டார். ஆனாலும் என் கையைப் பிடித்துத் தடுக்கவில்லையே என்று அந்த மனிதர்மேல் இன்னும் எனக்கு ஆத்திரம் தீரவில்லை.