ராணிக்கு என்னாச்சு?

கோவையில் உதவித்தொகையில் ப்ளஸ் ஒன் சேர்ந்தேன். உலக வரலாற்றுச் சிறப்பு வகுப்பில் பலரும் பாரிஸுக்கே போய் வந்தவர்கள். என் பக்கத்து நாற்காலியில் யாரும் உட்கார்ந்ததில்லை; நான் வாய் திறந்ததுமில்லை.

ஞாயிறுதோறும் விடுதியிலிருந்து அம்மாவிடம் போனில் பிரெஞ்சுப் புரட்சி சொல்வேன். வெள்ளகோவிலில் தேங்காய்க் களத்தில் வேலை செய்யும், பள்ளிக்கூடமே போகாத அம்மாவுக்கு அதெல்லாம் எதற்கு என்று ஒரு வாரம் நிறுத்திக்கொண்டேன்.

"ஏங்கண்ணு, தப்பியோடுன ராசாவும் ராணியும் மாட்டிக்கிட்டாங்கன்னியே, அப்பறம் என்னாச்சு? களத்துல ஒவ்வொருத்தியும் கேட்டு உசுர வாங்கறாளுக!"

"ரெண்டு பேரு தலையவும் வெட்டிப்போட்டாங்கம்மா."

"அவங்க கொழந்தைங்க?"

எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் வகுப்பில் முதன்முறையாகக் கை தூக்கினேன். பக்கத்து நாற்காலி அன்றும் காலிதான். ஆனாலும், களத்தில் பதிலுக்குக் காத்திருக்கிறார்கள் என்ற நினைப்பில் என் குரல் நடுங்கவில்லை.